உரகாமி பேராலயம்: வயதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

மணப்பாட்டான் | 10 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக நாகசாகியில் இருக்கிறேன். கப்பல் பழுதுபார்க்கிற வேலை. சொந்த ஊர் மணப்பாடு.

நேற்றுக் காலை உரகாமி பேராலயத்துக்குப் போயிருந்தேன். 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி காலை 11.02-க்கு இந்த ஊரின் மேல் அணுகுண்டு வெடித்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து கோயில் சுமார் 500 மீட்டர்தான். கோயிலின் இரண்டு மணிகளில் ஒன்று நொறுங்கிப்போனது, இன்னொன்று இடிபாட்டுக்குள் தப்பிக் கிடந்தது. 80 வருடமாக அந்த ஒற்றை மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. நேற்று 11.02-க்கு இரண்டு மணிகளும் சேர்ந்து அடித்தன. புதிய மணிக்குப் பணம் கொடுத்தவர்கள் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "கோயிலுக்கு எத்தனையாவது வருசம்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் எந்தக் கோயிலைப் பற்றிப் பேசினாலும் முதலில் வருகிற கேள்வி அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்தக் கணக்கைச் சொல்வது?

கட்டத் தொடங்கியது 1895. கட்டி முடித்து நேர்ந்தளித்தது 1914 மார்ச் 17. முகப்பின் இரண்டு கோபுரங்களும் முடிந்தது 1925. அப்படிப் பார்த்தால் இது கோபுரங்களுக்கு நூறாவது வருடம். ஆனால் நேற்று நான் நின்ற கட்டடம் 1959-இல் எழுப்பியது. அதற்கு 66 வயதுதான். இதில் எதைச் சொன்னாலும் பாதிக் கதை விட்டுப்போன மாதிரி இருக்கிறது. சவேரியார் எங்கள் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு இங்கே வந்து விதைத்த ஊர் என்பதால் எனக்குக் கூடுதல் பற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழந்தாள் | 10 ஆகஸ்ட் 2025

தம்பி, நல்ல இழை. ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். சவேரியார் நாகசாகிக்கு வந்ததில்லை. 1542-இலிருந்து முத்துக்குளித்துறையில் பணி செய்தவர், 1549 ஆகஸ்ட் 15-இல் ககோஷிமாவில் இறங்கினார். பிறகு ஹிராதோ, யாமாகுச்சி, கியோட்டோ என்று போனார். இரண்டே கால் வருடத்தில் ஜப்பானை விட்டுக் கிளம்பிவிட்டார். நாகசாகி அப்போது ஒரு சின்ன மீனவர் குப்பம். போர்ச்சுகீசியக் கப்பல்களுக்கு அது துறைமுகமாகத் திறந்தது 1571-இல்தான். அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சி என்று சொன்னால் சரி.

இன்னொன்று. பேராலயம் என்றால் ஆயரின் இருக்கை உள்ள கோயில். குண்டு விழுந்தபோது இது பெரிய பங்குக் கோயில். உரகாமி பேராலயமானது 1962-இல். அதற்கு முன்பு நாகசாகியிலேயே உள்ள ஓவுரா கோயிலுக்குத்தான் அந்த இடம். ஆக, உங்கள் பட்டியலில் 1962-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியத் தொடர்பு வேண்டும் என்றால் நேரடியாகவே ஒன்று இருக்கிறது. 1597 பிப்ரவரி 5-இல் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அதில் ஒருவர் கொன்சாலோ கார்சியா, மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்தவர். 1862-இல் புனிதர் பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் பிறந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். உரகாமியிலிருந்து டிராமில் போகிற தூரம்தான், அவசியம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

முத்துநகர் | 10 ஆகஸ்ட் 2025

நான் கத்தோலிக்கன் இல்லை. தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் தேர் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். ஒரு சந்தேகம். 1597-லேயே கொன்றார்கள், பிறகு மதமே தடை என்று படித்திருக்கிறேன். அப்புறம் எப்படி 1895-இல் அவ்வளவு பெரிய கோயில் கட்ட ஆள் இருந்தது? இடையில் மூன்று நூற்றாண்டு என்ன ஆனது?

---

மணப்பாட்டான் | 11 ஆகஸ்ட் 2025

பழந்தாள் ஐயா, திருத்தத்துக்கு நன்றி. சின்ன வயதில் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

முத்துநகர் அண்ணா, இந்தக் கோயிலின் உயிரே அந்த இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1614-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. குருக்களை நாடு கடத்தினார்கள், அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். ஊர்மக்களைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள்: இயேசுவோ மாதாவோ இருக்கிற படத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக வந்து மிதிக்க வேண்டும். ஃபுமி-எ என்று பெயர். நாகசாகிப் பக்கம் இது ஆண்டுதோறும் நடந்தது. உரகாமி விவசாயிகளும் மிதித்தார்கள். வீட்டுக்குப் போய் மனம் நொந்து பாவத்துக்கு மன்னிப்பு கேட்டு செபித்தார்கள். குரு கிடையாது, திருப்பலி கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்க ஊரிலேயே ஒருவர், திருநாள் காலண்டரைக் காத்து வைக்க ஒருவர், வீடு வீடாகச் சேதி சொல்ல ஒருவர் என்று தங்களுக்குள் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். வெளியே பௌத்தர்கள், உள்ளே வேதகாரர்கள். பௌத்தர்கள் வணங்குகிற கானன் தெய்வத்தின் சிலையை மாதாவாக வைத்து வணங்கினார்கள். ஏழு தலைமுறை கழித்துக் கறுப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள் என்று பாஸ்டியன் என்ற உபதேசியார் சொல்லிவிட்டுப் போனதாக ஒரு வாய்மொழியும் இருந்தது.

1865 பிப்ரவரியில் நாகசாகியில் வெளிநாட்டவர்களுக்காகப் பிரெஞ்சுக் குருக்கள் ஓவுராவில் ஒரு கோயில் திறந்தார்கள். ஜப்பானியருக்கு அந்த வேதம் இன்னும் தடைதான். மார்ச் 17-ஆம் தேதி, உரகாமியிலிருந்து பதினைந்து பேர் அளவில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி வாசலில் வந்து நின்றார்கள். பெட்டிட்ஜான் சாமியார் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர் முழந்தாளிட்டு செபித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து, எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்து, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்.

அது தவக்காலம். நாங்களும் இப்போது துக்க காலத்தில்தான் இருக்கிறோம் என்று அவர்கள் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். இருநூற்றைம்பது வருடம் குருவே இல்லாமல் இருந்தும் நாள் கணக்குத் தப்பவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

சில்லாலை மகள் | 11 ஆகஸ்ட் 2025

மணப்பாட்டான் தம்பி, இதை வாசிக்க எனக்கு எங்கட ஊர்க் கதை ஞாபகம் வருகிறது. 1658-இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். 1687-இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு சில்லாலையில் தங்கி, இரவுகளில் பூசை வைத்தார். 2015-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எங்கட அம்மம்மா இதையெல்லாம் நேற்று நடந்த மாதிரித்தான் கதைப்பா.

எங்களுக்கு ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரு வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். உரகாமிச் சனத்துக்கு ஏழு தலைமுறை ஒருத்தரும் வரவில்லை. வேதத்தைக் காப்பாற்றியது பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாரும்தான்.

என்னைக் கேட்டால் கோயிலின் பிறந்தநாள் 1865 மார்ச் 17. நீங்கள் முதல் பதிவில் எழுதிய 1914-உம் அதே மார்ச் 17 என்பதைக் கவனித்தீர்களா? அந்த நாளைப் பார்த்துத்தான் நேர்ந்தளிப்பை வைத்திருக்கிறார்கள்.

---

முத்துநகர் | 11 ஆகஸ்ட் 2025

ஆண்டுதோறும் மிதித்தவர்களை உங்கள் சபை எப்படிப் பார்க்கிறது? நிஷிசாகாவில் இறந்தவர்கள் புனிதர்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்கள்?

---

பழந்தாள் | 11 ஆகஸ்ட் 2025

முத்துநகர், நியாயமான கேள்வி. அவர்களுக்குப் புனிதர் பட்டம் இல்லை. ஆனால் 1865-இல் ஓவுரா வாசலில் வந்து நின்றவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள்தான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரு கிடைத்த தைரியத்தில், இனி பௌத்த மடத்தின் வழியாக ஈமச்சடங்கு செய்ய மாட்டோம் என்று உரகாமி மக்கள் மறுத்தார்கள். 1867-இல் கைது தொடங்கியது. மறுவருடம் ஆட்சி மாறியும் கொடுமை கூடத்தான் செய்தது. ஊரையே பெயர்த்தார்கள். சுமார் 3,400 பேரைப் பிரித்து மேற்கு ஜப்பான் முழுக்கப் பல சீமைகளுக்கு அனுப்பினார்கள். பட்டினி, நோய், சித்திரவதை. 600-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. மேலைநாடுகளின் நெருக்கடிக்குப் பிறகு, 1873-இல் தடைப் பலகைகளை எடுத்தார்கள். அப்போதுதான் மிச்சமிருந்தவர்கள் ஊர் வந்தார்கள்.

---

மணப்பாட்டான் | 12 ஆகஸ்ட் 2025

ஐயா சொன்னதோடு ஒரு வார்த்தை. அந்த நாடு கடத்தலை உரகாமிக்காரர்கள் "தாபி" என்கிறார்கள். பயணம் என்று அர்த்தம். என்னோடு வேலை செய்கிற ஒரு பெரியவர், "என் கொள்ளுப்பாட்டி பயணத்தில் பிறந்தவள்" என்று சாதாரணமாகச் சொன்னார். சுற்றுலா போன இடத்தில் பிறந்திருப்பார் போல என்று முதலில் நினைத்துக்கொண்டேன். விவரம் தெரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பேராலய வளாகத்தில் ஒரு கல் இருக்கிறது. ஹாகி என்ற ஊருக்கு அனுப்பப்பட்ட ட்சுரு என்ற இளம்பெண்ணைப் பனிக்காலத்தில் நாள்கணக்காக அந்தக் கல்லின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அவர் விசுவாசத்தை விடவில்லை. உயிரோடு ஊர் திரும்பினார். பிற்காலத்தில் கல்லையும் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் கையில் ஒன்றுமில்லை. நிலமும் வீடும் போயிருந்தன. அந்த நிலையில் 1880-இல் ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார்கள். அது ஊர்த் தலைவரின் வீடு இருந்த இடம். ஆண்டுதோறும் அவர்களைப் படத்தை மிதிக்க வைத்ததும் அதே இடத்தில்தான். மிதித்த மண்ணிலேயே பீடம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிரெஞ்சுக்காரரான ஃப்ரெனோ சாமியார் 1895-இல் வேலையைத் தொடங்கினார். பணம் தீரும், வேலை நிற்கும், மறுபடி தொடங்கும். அவர் 1911-இல் இறந்துபோனார், முடிந்த கோயிலைப் பார்க்கவில்லை. முழுக்க விவசாயிகள் காசு. முப்பது வருடம். கீழை ஆசியாவிலேயே பெரிய கோயில் என்று பெயர் வாங்கிய கட்டடத்தை அப்படித்தான் எழுப்பினார்கள்.

முழுதாக அது நின்றது வெறும் இருபது வருடம்.

---

செங்கல் சுண்ணாம்பு | 12 ஆகஸ்ட் 2025

நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிற துறையில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு இடிபாட்டின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். முகப்புச் சுவரின் ஒரு பகுதி, தெற்குச் சுவர், வளைவுகள், தலை போன கற்சுரூபங்கள், சுற்றிலும் வெட்டவெளி. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பிறகும் நிற்கிற குவிமாடக் கட்டடத்துக்கு எந்த வகையிலும் குறைந்த சாட்சி அல்ல இது. அதை 1958-இல் இடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

ஹிரோஷிமாவிலும் இடிக்கலாம் என்று பேச்சு இருந்தது. 1966-இல் நகரமன்றம் நிரந்தரமாகக் காப்பது என்று தீர்மானம் போட்டது. விரிசல்களில் ரெசின் செலுத்தி, உள்ளே எஃகுத் தாங்கு கொடுத்து, 1967, 1989, 2002 என்று திரும்பத் திரும்ப வலுப்படுத்தினார்கள். 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. உரகாமியிலும் இதைச் செய்திருக்க முடியும். செங்கல் சுவர்தானே, வழி இருந்திருக்கும். மணப்பாட்டான், இப்போது என்ன மிச்சம் இருக்கிறது?

---

மணப்பாட்டான் | 12 ஆகஸ்ட் 2025

தெற்குச் சுவரின் ஒரு துண்டைக் குண்டு வெடித்த மையத்தில் உள்ள பூங்காவுக்கு நகர்த்தி நட்டிருக்கிறார்கள். மேலே ஒரு சுரூபத்தோடு நிற்கிறது. கோயில் முன்னால் கருகிய கற்சுரூபங்கள் சில உண்டு. வடக்குக் கோபுரத்தின் குவிமாடம் ஏறக்குறைய 50 டன் எடை. அது குண்டு அதிர்ச்சியில் அப்படியே உருண்டு கீழே ஓடைக்குள் விழுந்தது. யாராலும் நகர்த்த முடியவில்லை, ஓடையைத்தான் திருப்பிவிட்டார்கள். குவிமாடம் விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. முன்வாசல் வழியாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அப்புறம் மாதாவின் தலை. பீடத்தில் இருந்த மரச் சுரூபம், இத்தாலியில் செய்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒரு துறவி இடிபாட்டில் செபித்துக்கொண்டிருந்தபோது தலை மட்டும் கிடைத்தது. ஹொக்கைதோவில் உள்ள தன் மடத்துக்கு எடுத்துப் போய்ப் பல வருடம் வைத்திருந்து, 1975-இல் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரும்பள்ளம். கன்னத்தில் தீக்காயம். தனிச் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் என்னால் அருள் நிறைந்த மரியே செபத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

---

பழந்தாள் | 13 ஆகஸ்ட் 2025

செங்கல் சுண்ணாம்பு அவர்களுக்கு. இடித்ததில் அரசியல் உண்டா என்று நாகசாகியில் இன்றும் பேசுகிறார்கள். நடந்த வரிசை இது. இடிபாட்டைக் காக்க வேண்டும் என்று நகரத்தின் பாதுகாப்புக் குழு பல முறை பரிந்துரைத்தது. மேயர் தாகாவாவும் முதலில் அதற்கு ஆதரவாகத்தான் இருந்தார். 1955 டிசம்பரில் நாகசாகியும் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரமும் சகோதர நகரங்களாயின. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் அதுதான் முதல் ஏற்பாடு. 1956-இல் மேயர் அமெரிக்கா போய்வந்தார். வந்த பிறகு பேச்சு மாறியது. 1958 பிப்ரவரியில் நகரமன்றத்தில், குண்டின் கொடுமையைச் சொல்ல இந்த இடிபாடு போதாது, வைத்திருக்கத் தேவையில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். மன்றம் காக்கச் சொல்லியும் மறுமாதமே வேலை தொடங்கிவிட்டது. கட்டட நிதிக்காக ஆயர் யாமாகுச்சியும் அந்த வருடங்களில் அமெரிக்கா போயிருந்தார்.

அமெரிக்கா சொல்லித்தான் இடித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வரிசையைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வரிசை வேறு, ஆதாரம் வேறு. நான் அந்த முடிவுக்குப் போக மாட்டேன். ஆயர் சொன்ன காரணம் தெளிவானது: அது எங்கள் முன்னோர் வதைபட்ட மண், வேறு இடத்தில் கட்ட முடியாது.

---

சில்லாலை மகள் | 13 ஆகஸ்ட் 2025

செங்கல் சுண்ணாம்பு அண்ணா, உங்கட கோபம் விளங்குகிறது. ஆனால் நான் ஆயர் பக்கம்தான்.

1995 ஜூலை 9-இல் யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு பாவுலு கோயிலில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேல் சனம் செத்தது. எங்கட சொந்தத்திலும் ஒரு குடும்பம். அந்தக் கோயிலை உடைந்தபடி விட்டிருந்தால் உலகம் வந்து பார்த்திருக்கும். ஆனால் அந்தச் சனத்துக்குப் பூசை காணக் கோயில் வேணும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, செத்தவர்களுக்கு ஆண்டுத் திவசப் பூசை வைக்க ஓர் இடம் வேணும். இப்பவும் ஒவ்வொரு ஜூலை 9-உம் அங்கேதான் கூடி நினைவுகூருகிறார்கள்.

உரகாமியில் பங்கு மக்கள் 12,000 பேரில் 8,500 பேர் செத்தார்கள். தப்பின மூவாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்து, நீங்கள் வேறு எங்கேயாவது போய்க் கட்டுங்கள், இது உலகத்துக்குச் சாட்சி என்று எப்படிச் சொல்வது? அந்த மண்ணுக்காக அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள்.

---

செங்கல் சுண்ணாம்பு | 13 ஆகஸ்ட் 2025

அக்கா, உங்கள் இழப்புக்கு முன்னால் நான் தொழில் பேசுவது சரியாக இருக்காது. இருந்தாலும் ஒன்று சொல்ல விடுங்கள்.

தனுஷ்கோடி கோயிலை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது. பீடத்துச் சுவரும் பக்கச் சுவர்களும் மட்டும் பவளக்கல்லோடு நிற்கின்றன. திரும்பக் கட்ட ஆளில்லை, காக்கவும் ஒழுங்கான ஏற்பாடில்லை. உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது, வருகிறவர்கள் சுவரில் பெயர் கீறுகிறார்கள். போகும்போதெல்லாம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆக, இடிபாட்டை விட்டுவைப்பதே காப்பது ஆகாது என்று எனக்கும் தெரியும். அதற்கு ஆளும் பணமும் தலைமுறை தலைமுறையாக வேண்டும்.

ஆனாலும் முகப்பை மட்டுமாவது நிறுத்தி, அதன் பின்னால் புதுக் கோயில் எழுப்பியிருக்கலாம். ஐரோப்பாவில் குண்டுவீச்சுக்குப் பிறகு அப்படிச் செய்த இடங்கள் உண்டு. பழைய கோபுரத்தை உடைந்தபடி வைத்துப் பக்கத்தில் புதிது கட்டிய பெர்லின் கோயில் ஒன்று போதும் எடுத்துக்காட்டுக்கு. மண்ணும் அவர்களிடமே இருந்திருக்கும், சாட்சியும் நின்றிருக்கும்.

---

சில்லாலை மகள் | 14 ஆகஸ்ட் 2025

முகப்பு மட்டும் என்றால், அதை நான் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அது நல்ல வழியாக இருந்திருக்கும்.

---

முத்துநகர் | 14 ஆகஸ்ட் 2025

நான் கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். கொக்குராவில் போட வேண்டிய குண்டு மேகமூட்டத்தால் நாகசாகிக்கு வந்தது, அங்கேயும் தள்ளி விழுந்தது என்று படித்தேன். இருநூற்றைம்பது வருடம் தாக்குப்பிடித்த மக்களின் தலையில் போய் அது விழுந்திருக்கிறது. அந்த மக்கள் இதை எப்படித் தாங்கினார்கள்? கடவுளை என்ன கேட்டார்கள்?

---

மணப்பாட்டான் | 15 ஆகஸ்ட் 2025

அண்ணா, இன்று மாதா விண்ணேற்புத் திருநாள். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். 1945-இல் இந்தத் திருநாளுக்குத் தயாராகத்தான் குண்டு விழுந்த அன்று காலை மக்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குருக்களும் அவர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் இறந்தார்கள்.

உங்கள் கேள்வியை அவர்களும் கேட்டார்கள். உரகாமியில் குண்டு விழுந்தது அந்நியக் கடவுளைக் கும்பிட்டதற்குத் தண்டனை என்று ஊரில் சிலர் பேசியிருக்கிறார்கள். போர்முனையிலிருந்து திரும்பி, மனைவி மக்களை இழந்து நின்ற ஓர் உரகாமிக்காரர் இந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் நாகாய் தகாஷியிடம் போய்ச் சொன்னார். நாகாய் கதிரியக்க மருத்துவர். மனைவி மிதோரியை இழந்தவர். வீடு இருந்த இடத்தில் எலும்புகளும் பக்கத்தில் உருகிய செபமாலையும்தான் அவருக்குக் கிடைத்தன. மிதோரியின் குடும்பம் தடைக்காலத்தில் வழிவழியாக மறைவுச் சபைக்குத் தலைமை தாங்கியது.

1945 நவம்பர் 23-இல் இடிபாட்டின் முன்னால் இறந்தோருக்காக பூசை நடந்தது. அதில் நாகாய் பேசினார். இது தண்டனை இல்லை, போரின் பாவத்துக்குப் பரிகாரமாக ஆண்டவர் தேர்ந்துகொண்ட மாசற்ற ஆட்டுக்குட்டி உரகாமி, இது எரிபலி என்றார். போர் முடிந்ததாக அறிவித்த நாள் ஆகஸ்ட் 15 என்பதையும் சுட்டிக்காட்டினார். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் இரவில், தப்பிய ஒற்றை மணியை இடிபாட்டிலிருந்து எடுத்து, மரக்கட்டைகளில் தொங்கவிட்டு அடித்தார்கள். அதே மணிதான் போன வாரம் நான் கேட்டதும்.

---

பழந்தாள் | 15 ஆகஸ்ட் 2025

நாகாயின் உரையை ஜப்பானிலேயே பிற்காலத்தில் கடுமையாக விமர்சித்தார்கள். எரிபலி என்று சொல்லிவிட்டால், போரை நடத்தியவர்களும் குண்டைப் போட்டவர்களும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்களே என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கேட்டது சரி. ஆனால் நாகாய் அந்த வார்த்தையைச் சொன்னது இறந்தவர்களின் வீட்டார் முன்னால், சாம்பல் ஆறாத இடத்தில், தானே ரத்தப் புற்றுநோயில் இருந்துகொண்டு. 1951-இல் அவரும் போய்விட்டார். இழவு வீட்டில் சொன்ன ஆறுதலைக் கோட்பாடாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1981 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஜப்பானுக்கு வந்தார். போர் மனிதனின் செயல் என்று ஹிரோஷிமாவில் சொன்னார். கடவுளின் திட்டம் என்று அதுவரை வாய்மூடி இருந்த கத்தோலிக்கர்கள் பலர் அதற்குப் பிறகுதான் தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். உரகாமி பேராலயத்துக்கும் அவர் வந்தார். நீங்கள் பார்க்கிற சிவப்புச் செங்கல் பூச்சு அந்த வருகையை ஒட்டி 1980-இல் செய்தது. அதுவரை வெறும் கான்கிரீட்.

---

முத்துநகர் | 15 ஆகஸ்ட் 2025

இருவருக்கும் நன்றி. புதிய மணி விவரம் கொஞ்சம் சொல்லுங்களேன். குண்டு போட்ட நாட்டுக்காரர்கள் மணி கொடுத்தார்கள் என்றால், வாங்கியவர்கள் மனசு எப்படி இருந்தது?

---

மணப்பாட்டான் | 16 ஆகஸ்ட் 2025

தொடங்கியவர் ஜேம்ஸ் நோலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய தாத்தா அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராக இருந்தவர். நோலன் நாகசாகியில் ஆய்வுக்கு வந்திருந்தபோது, இன்னொரு கோபுரத்துக்கு அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் ஒரு மணி தந்தால் நன்றாக இருக்குமே என்று பங்கைச் சேர்ந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பேசி 1,25,000 டாலர் திரட்டினார். நம்பிக்கையின் புனித கத்தேரி மணி என்று பெயர்.

வாங்கியவர்கள் மனசு எப்படி என்று எல்லோர் சார்பிலும் நான் சொல்ல முடியாது அண்ணா. தாபியில் பிறந்த கொள்ளுப்பாட்டி என்றாரே, அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "ஒரு மணியை மட்டும் கேட்டே வளர்ந்தேன். இரண்டும் அடித்தால் எப்படி இருக்கும் என்று அப்பா சொல்வார். இப்போது தெரிந்துவிட்டது" என்றார். அமெரிக்கா பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடமே என் முதல் கேள்வியையும் கேட்டேன்: கோயிலுக்கு எத்தனை வயது? மார்ச் 17 என்று நாளை மட்டும் சொன்னார், வருடத்தைச் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. சில்லாலை அக்கா சொன்ன கணக்குப்படி 160 என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் திருப்தி. நம்ம ஊர் சவேரியார் குகையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைப்பதாகச் சொன்னார்.

---

செங்கல் சுண்ணாம்பு | 17 ஆகஸ்ட் 2025

தம்பி, அக்டோபரில் ஒரு பயிற்சிக்காக ஃபுகுவோகா வருகிறேன். ஒரு நாள் நாகசாகிக்கு வந்து அந்தக் குவிமாடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எப்படி வருவது?

---

மணப்பாட்டான் | 17 ஆகஸ்ட் 2025

வாருங்கள் அண்ணா, நானே கூட்டிப் போகிறேன். டிராமில் அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்குங்கள். முதலில் குண்டு மையப் பூங்காவில் தெற்குச் சுவர்த் துண்டைப் பார்த்துவிடுவோம், அங்கிருந்து கோயில் பத்து நிமிட நடை, கடைசியில் ஏற்றம். குவிமாடம் கோயிலின் வடபக்கச் சரிவில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை முடிந்து மணி அடிக்கிற நேரத்துக்கு அங்கே நிற்கலாம்.